கொக்க படம் எடுத்தா வெறும் வெள்ளையா வருதே, ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, நான் மன்னார்குடி. வடுவூர் ஏரி பக்கந்தான், பைக்ல அரை மணி நேரம். பறவை படம் எடுக்க கேமரா வாங்கறதுக்காகவே ஒன்றரை லட்சம் சேத்து வச்சிருக்கேன். கடையில கேட்டா ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் எடுங்க, அதான் ப்ரொஃபஷனல்ங்கிறாங்க. எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீங்க தம்பி. கல்யாணத்துக்கு எடுக்கப் போறவருக்கு அது சரி, உங்களுக்கு இல்ல. ஃபுல் ஃப்ரேம் பாடிக்கே காசு முக்கால்வாசி போயிரும், மிச்சத்துல என்ன லென்ஸ் வாங்குவீங்க? பறவைக்கு முதல்ல லென்ஸ், அப்புறந்தான் பாடி. கேமரா உள்ள படம் பதியற தகடுதான் சென்சார், ஃபுல் ஃப்ரேம்ல அது பெருசு, ஏபிஎஸ்-சிங்கற வகையில சின்னது, அதனால கேனான்ல 400 எம்.எம். லென்ஸ மாட்டினா ஃபுல் ஃப்ரேம்ல 640 போட்ட மாதிரி நெருக்கமா தெரியும். உங்க காசுக்கு நான் சொல்றது ஏபிஎஸ்-சி வகையான கேனான் ஆர்10, கூட ஆர்எஃப் 100-400. லென்ஸ் 635 கிராம், பாடி பேட்டரியோட 429, ஆக ரெண்டும் சேந்து ஒரு கிலோவ கொஞ்சம் தாண்டும், வரப்புல ஒரு கையில புடிச்சிக்கிட்டே நடக்கலாம். நிக்கான் இசட்50 ரெண்டாவது மாடலும் நல்லா இருக்கு, பறவைக்குன்னே தனி ஃபோகஸ் வச்சிருக்கான். சோனி 200-600 அருமையான லென்ஸ்தான், ஆனா ரெண்டு கிலோவுக்கு மேல கனம், விலையும் உங்க பட்ஜெட்ட தாண்டிரும்.

குறையையும் சொல்லிடறேன். அந்த 100-400, 400ல வைக்கும்போது எஃப் 8 தான், அதாவது லென்ஸ் திறப்பு சின்னது, வெளிச்சம் கம்மியா வாங்கும். மார்கழிப் பனியில காலை ஆறரைக்குப் போனா ஐஎஸ்ஓ (வெளிச்சம் பத்தாதப்ப கேமரா படத்த ஏத்திக் காட்டற அளவு) 6400ஐ சுலபமா தொட்டுரும், படம் மணல் மணலா இருக்கும். ரா (RAW) ஃபைலா எடுத்து அப்புறம் கம்ப்யூட்டர்ல அந்த மணல எடுத்துரலாம், டீநாய்ஸ்னு பேரு. இன்னொண்ணு, வடுவூர்ல ஏரி நடுவுல உக்காந்திருக்கற கூட்டத்துக்கு 640 என்ன, 1000 இருந்தாலும் பத்தாது. நான் அங்க போனா ஏரியில எடுக்கறத விட போற வழியில வயல்ல எடுக்கறதுதான் ஜாஸ்தி. டிராக்டர் சேறு அடிக்கும்போது பின்னாடியே நத்தைக்குத்தி நாரையும் உண்ணிக்கொக்கும் அரிவாள் மூக்கனும் வரிசையா வரும் பாருங்க, அதுங்களுக்கு வண்டின்னா பயம் இல்ல, மனுசன் இறங்கி நடந்தாத்தான் பயம். கார் கிடைச்சா இறங்காம உள்ளேருந்தே எடுங்க. பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தச்சு உள்ள உளுந்த கொட்டி கண்ணாடி மேல போட்டு அதுமேல லென்ஸ வச்சா ட்ரைபாடே வேணாம். (உளுந்து வீட்டுலேருந்து எடுத்ததுதான், எங்க வீட்டம்மாவுக்கு இன்னும் தெரியாது.)

கேள்வி: கும்பகோணத்துலேருந்து எழுதறேன் சார். போன மாசந்தான் ஆர்10 வாங்கினேன். பறக்கற கொக்கு எடுத்தா ஒண்ணு கலங்கலா இருக்கு, இல்லன்னா இறகே தெரியாம சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா இருக்கு. ஆட்டோல போட்டுத்தான் எடுக்கறேன்.

பதில்: ஆட்டோலதாங்க பிரச்சினையே. கேமராவுக்கு கொக்குன்னு தெரியாது, ஃப்ரேம் பூரா பச்சை நாத்து, இருட்டா இருக்குன்னு நெனச்சு வெளிச்சத்த ஏத்தும், நடுவுல இருக்கற வெள்ளைக் கொக்கு வெந்து போயிரும். மேனுவல்ல போடுங்க, ஷட்டர் 1/2000 செகண்ட், எஃப் 8, ஐஎஸ்ஓவ மட்டும் ஆட்டோல விட்டு எக்ஸ்போஷர் காம்பன்சேஷன (படத்தோட வெளிச்சத்த ஏத்தி இறக்கற செட்டிங்) மைனஸ் முக்கால் பக்கம் இறக்குங்க. வானத்த பாத்து நீர்க்காகம் எடுக்கறப்ப நேர் மாறா, ப்ளஸ் 1 ஏத்தணும், இல்லன்னா கரித்துண்டு மாதிரி வரும். ஆனா ஒரே கொக்கு வயல்லேருந்து கெளம்பி வானத்துக்குப் போனா பின்னணி மாறும், ஆட்டோ ஐஎஸ்ஓவும் கூடவே ஆடும். அதனால வெயில் நிலையா இருந்தா நான் ஐஎஸ்ஓவையும் கட்டிப் போட்டுருவேன், நல்ல வெயில்ல 1/2000, எஃப் 8க்கு 400 வச்சா வெள்ளைப் பறவைக்குச் சரியா வரும், பின்னாடி வயலா வானமான்னு கவலையே வேணாம். ஹைலைட் அலர்ட்ட ஆன் பண்ணி வைங்க, வெந்து போன இடத்த அது மின்னிக் காட்டும், இறகு கறுப்பா மின்னினா இன்னும் கொஞ்சம் இறக்குங்க.

கலங்கலுக்கு, ஏஎஃப்ப, அதான் ஆட்டோ ஃபோகஸ, நகர்றத விடாம தொடர்ற சர்வோல வச்சு, சப்ஜெக்ட்ல அனிமல்ஸ் எடுங்க, பறவையும் அதுலதான் வருது. பறக்கறதுக்கு முழு ஏரியா ஃபோகஸ். கோரைக்குள்ள நிக்கற மடையானுக்கு அது வேலைக்காவாது, முன்னாடி இருக்கற புல்லத்தான் புடிக்கும், அதனால ஏஎஃப்-ஆன் பட்டன்ல முழு ஏரியாவும் பக்கத்துல இருக்கற நட்சத்திர பட்டன்ல ஒத்தப் புள்ளியும் வச்சிக்குங்க, கட்டை விரல் ரெண்டு நாள்ல பழகிரும். எலக்ட்ரானிக் ஷட்டர்ல செகண்டுக்கு 23 படம் வருதேன்னு பறக்கறதுக்கு அத போடாதீங்க, றெக்க ரப்பர் மாதிரி வளைஞ்சு வரும். மெக்கானிக்கல்ல வர்ற 15 தாராளம். அதையும் விடாம அமுக்கினா பஃபர் (எடுத்த படத்த கார்டுக்குப் போறவரைக்கும் வைக்கற இடம்) நெறஞ்சு சரியான நேரத்துல கேமரா நின்னுரும், விட்டு விட்டு அமுக்குங்க.

கேள்வி: வேதாரண்யம். கோடியக்கரையில மத்தியானம் பூநாரை எடுத்தேன், ஒரு படம் கூட ஷார்ப்பா இல்ல. லென்ஸ் பழுதா?

பதில்: லென்ஸ் பாவம், அது கானல். உப்பளத்து மேலயும் சேத்து மேலயும் சூடு ஏறி காத்து நெளியுதுல்ல, தூரத்துல இருக்கறத அந்த நெளியற காத்து வழியாத்தான் எடுக்கறீங்க, லட்ச லட்சமா போட்ட லென்ஸும் அங்க தோத்துரும். சந்தேகம்னா அதே நேரத்துல பத்தடி தள்ளி ஒரு செடிய எடுத்துப் பாருங்க, அது ஷார்ப்பா வந்தா லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. பொழுது விடிஞ்ச முதல் ஒண்ணரை மணி நேரந்தான் அங்க நேரம். அந்த உப்புக்காத்துல லென்ஸ் மாத்தாதீங்க, வீட்டுக்கு வந்ததும் லேசா ஈரத் துணியால தொடச்சு அப்புறம் காஞ்ச துணியால தொடைங்க.

கேள்வி: மழைக்காலத்துல லென்ஸ எதுல வைக்கறது? (மயிலாடுதுறை வாசகி)

பதில்: அதோட கூட வந்த பையில மட்டும் வேணாம்மா. நான் ஐப்பசி கார்த்திகை ரெண்டு மாசமும் ஒரு லென்ஸ பையோட பரண்ல போட்டுட்டு தை மாசம் எடுத்தா, உள்ள கண்ணாடியில சிலந்தி வலை மாதிரி பூஞ்சை, சுத்தம் பண்ண கொடுத்த காசுல இன்னொரு செகண்ட் ஹேண்ட் லென்ஸே வந்துருக்கும். காத்து போகாத ரப்பர் மூடி டப்பா, உள்ள ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலஞ்சு, இருநூறு ரூவா ஈரப்பத மீட்டர் ஒண்ணு. முள் 45-50 சதவீதத்துக்குள்ள நிக்கட்டும், 60ஐ தாண்டினா ஜெல்ல மாத்துங்க.