ஐரோப்பிய வீடுகளில் இன்னமும் நிலக்கரியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போலந்தில் மேற்படிப்புப் படிக்கும் என் பேத்தி, தான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் நிலவறையில் குளிர்காலத்துக்கென்று நிலக்கரியை வாங்கிக் குவித்திருப்பதாகச் சொல்கிறாள். நம் ஊரிலேயே கரியடுப்பு மறைந்துவிட்ட காலத்தில், அங்கே இது எப்படி?
– வாசகி, குடியாத்தம்

பதில்: தங்கள் பேத்தி சொல்வது உண்மைதான். ஆனால் நம் வீட்டுக் கும்முட்டி அடுப்பை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அது விளங்காது. நமக்குக் கரி சமையலுக்கு. அவர்களுக்கோ குளிரைத் தாங்குவதற்கு. நிலவறையில் உள்ள கொதிகலனில் கரியை எரித்து, அந்த வெந்நீரைக் குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறைக்கும் அனுப்பி, அக்டோபர் தொடங்கி ஏறக்குறைய ஏப்ரல் வரை வீட்டைச் சூடாக வைத்திருப்பார்கள். வெயிலுக்குப் பேர்போன வேலூர்க்காரர்களுக்கு இந்தத் தேவையைக் கற்பனை செய்வதே சற்றுக் கடினம்!

ஐரோப்பா முழுவதும் இப்படி என்று எண்ண வேண்டாம். சுவீடனில் வீட்டுக் கரி அநேகமாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் வீடுகளில் எரியும் நிலக்கரியில் மிகப் பெரும்பங்கு போலந்தில்தான் எரிகிறது. அந்நாட்டின் தென்பகுதியான சைலீசியாவின் நிலக்கரிச் சுரங்கங்கள் பக்கத்திலேயே இருப்பது அதற்கு முக்கியக் காரணம். அயர்லாந்தின் கிராமங்களில் சதுப்பு நிலத்து மக்கிய கரியை வெட்டி உலர்த்தி எரிப்பது பழைய வழக்கம். கொசோவோவில் பழுப்பு நிலக்கரி. நம் நெய்வேலியில் கிடைப்பதும் இந்த வகைதான். அதைச் சுட்டுப் புகையை நீக்கி ‘லெக்கோ’ என்ற பெயரில் கட்டிகளாக விற்றதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிழக்கு ஜெர்மனியில் அவ்வாறு சுடாமல் அழுத்திய கட்டிகளையே எரித்ததால், பெர்லினின் குளிர்காலத்துக்கென்றே ஒரு கரிநெடி இருந்தது.

பேத்தியின் அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி உள்ளதா என்று மட்டும் கேளுங்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கேள்வி: மின் நிலையங்கள் எரிப்பதோடு ஒப்பிட்டால் வீடுகள் எரிப்பது சொற்பம்தானே? அதைத் தடை செய்வானேன்?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: அளவில் சொற்பம்தான், புகையில் அப்படியில்லை. மின் நிலையத்தின் புகைபோக்கி வானளாவி நிற்கிறது, வடிகட்டியும் உண்டு. வீட்டுப் புகைபோக்கியோ கூரைக்குச் சற்று மேலே முடிந்துவிடுகிறது. கரியும் அரைகுறையாக எரிகிறது. போகியன்று விடியற்காலையில் நம் தெருக்களில் புகை எழும்பாமல் தரையோடு படிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த காற்று கீழேயும் வெப்பமான காற்று மேலேயும் மூடிபோல நிற்கும்போது நேர்வது அது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் அதுவே நேர்ந்தது. இறந்தவர்கள் 4,000 பேர் என்று அன்று கணித்தார்கள். பிற்கால ஆய்வு 12,000 வரை சொல்கிறது. அதன் பிறகே 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. டப்ளின் 1990-இல் புகை மிகுந்த நிலக்கரியின் விற்பனையை நிறுத்தியது. போலந்தின் கிராக்கோ நகரம் 2019 செப்டம்பர் முதல் கரியோடு விறகையும் சேர்த்தே தடை செய்தது.

சட்டம் மட்டும் போதாது என்பது என் எண்ணம். பிரிட்டனில் கரி ஒழிந்ததற்கு வட கடல் எரிவாயு வீடுகளுக்கு வந்ததும் பெரிய காரணம். மாற்று எரிபொருள் கட்டுப்படியாகாத வீடு கரியை விடாது. 2022-இல் ரஷ்யக் கரி வரத்து நின்று விலை எகிறியபோது, கரியால் சூடேற்றும் குடும்பங்களுக்குப் போலந்து அரசே 3,000 ஸ்லோட்டி (போலந்து நாணயம்) உதவித்தொகை வழங்க நேர்ந்தது. கிராக்கோவிலும் நகருக்குள் தடை இருக்க, சுற்றியுள்ள ஊர்களின் புகை பள்ளத்தாக்கில் இறங்கி வந்துகொண்டுதான் இருக்கிறது.