கடைசி வரியில் எழுதிய வலி

கேள்வி: எனக்கு 34 வயது. குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். வீட்டிலேயே பீடி சுற்றுகிறேன். நாலு வருஷமாக இடுப்பிலும் முதுகிலும் வலி. ஐந்து டாக்டரைப் பார்த்தாயிற்று. ஊசி போட்டால் இரண்டு நாள் தேவலை, அப்புறம் பழையபடிதான். எக்ஸ்ரேவில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒருவர் உடம்பைக் குறைக்கச் சொன்னார். ஒருவர், குந்தியே வேலை செய்தால் அப்படித்தான் என்றார். கடைசியாகப் பார்த்தவர், “மனசுல ஏதாவது கவலையாம்மா?” என்று கேட்டார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சிரித்தார். மாமியாரோ, ஏழு வருஷத்துக்கு முன்பு சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசிதான் காரணம், இனி போகாது என்கிறார். நான் நடிக்கிறேனாம். எப்படிச் சொன்னால் டாக்டர் நம்புவார்? (இன்னொன்று, காலையில் எழுந்தால் உடம்பு மரக்கட்டை மாதிரி இருக்கும். தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்குள் கொஞ்சம் இளகிவிடும். ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடந்தால்தான் வலி அதிகம்.)
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் வீட்டுக்காரர் சிரித்த இடத்தில் கோபம் வந்து நின்றுவிட்டேன். இரண்டாவது முறைதான், போகிற போக்கில் கடைசியாக நீங்கள் எழுதிய அந்த மூன்று வரி கண்ணில் பட்டது. உங்களை ஒன்று கேட்கிறேன். இந்த மூன்று வரியை அந்த ஐந்து டாக்டரில் யாரிடமாவது சொன்னீர்களா?

சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். முப்பது வருஷம் நர்ஸாக ஓ.பி. வாசலில் நின்றவள் நான். உள்ளே நடப்பது தெரியும். “என்னம்மா?” “இடுப்பு வலி சார்.” “எவ்ளோ நாளா?” “ரொம்ப நாளா சார்.” இதற்குள் அடுத்த ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு நிற்பார். பாதிப் பேருக்கு இந்த இரண்டு பதிலைக்கூட வீட்டுக்காரர்தான் சொல்வார், “சும்மா, இடுப்பு வலிதான் சார்” என்று. அந்த ‘சும்மா’ காதில் விழுந்ததும் ஊசி எழுதிவிடுவார்கள்.

உட்கார்ந்து வேலை செய்து, பாரம் தூக்கி வருகிற இடுப்பு வலி பெரும்பாலும் ஓய்வெடுத்தால் குறையும், வேலை செய்தால் கூடும். உங்களுக்குத் தலைகீழாக இருக்கிறது. படுத்தால் கூடுகிறது, நடமாடினால் குறைகிறது. 45 வயதுக்குள் ஆரம்பித்து, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் அரை மணி நேரத்துக்கும் அதிகமாக முதுகு இறுகிக் கிடந்தால், எலும்புத் தேய்மானமா, மூட்டு உள்ளுக்குள்ளேயே வீங்கி வலிக்கிற அழற்சி வாதமா என்று பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். முதுகெலும்பைப் பிடிக்கிற அந்த வாதத்தை ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகை என்பார்கள். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்து நோய்க்குப் பேர் வைக்கிற வேலை எனக்கு ஆகாது. ஆனால் அது ஆம்பளைகளுக்கு வருகிற நோய் என்று ரொம்ப காலம் நினைத்திருந்ததால் பெண்களிடம் கோட்டைவிடுவது அதிகம். ஆரம்ப வருஷங்களில் எக்ஸ்ரேவிலும் தெரியாமல் போகும். இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடிப்பாகமும் சேருகிற சாக்ரோஇலியாக் மூட்டைக் குறிப்பாக எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் பிடிபடும். முதுகு வலிக்கு வழக்கமாக எடுக்கிற கீழ்முதுகு ஸ்கேனில் அந்த மூட்டு சரியாக அகப்படாமலும் போகலாம்.

ஆகவே “எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல” என்பதற்கு, எலும்பு முறிவில்லை, பெரிய கோளாறு எதுவும் அந்தப் படத்தில் இல்லை என்பது மட்டுமே அர்த்தம். வலி இல்லை என்று அர்த்தமில்லை. இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற தட்டு, பிதுங்கியிருந்ததாம். படம் ஒரு பக்கம், வலி ஒரு பக்கம். அதனால் “டிஸ்க் பல்ஜ்” என்று எழுதிய காகிதத்தைப் பார்த்துப் பயந்து அறுவை சிகிச்சைக்கு ஓடவும் வேண்டாம்.

மாமியாரிடம் ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள். ஊசி போட்டது ஏழு வருஷம் முன்பு, வலி வந்தது நாலு வருஷம் முன்பு. நடுவில் மூன்று வருஷம் அந்த ஊசி எங்கே போயிருந்தது? போட்ட இடத்தில் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான்.

நடிப்பு என்று எழுதியிருந்தீர்களே, அதைத் தாண்டிப் போக முடியவில்லை. நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், தோல் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண் வாரா வாரம் முதுகு வலி என்று வருவார். நாங்கள் அவருக்கு ‘ஊசி அக்கா’ என்று பேர் வைத்திருந்தோம். நானும்தான். வரிசையில் அவர் தலை தெரிந்தாலே சிரிஞ்சை எடுத்து வைத்துவிடுவேன். ஒருநாள் ஜாக்கெட் தோளிலிருந்து வழிந்து கிடப்பதைப் பார்த்து, “என்னக்கா, அளவு தப்பா தெச்சிட்டாங்களா?” என்று கேட்டேன். “போன வருஷம் சரியாத்தான் இருந்துச்சுமா. சாயங்காலம் ஆனா குளிர் வேற எடுக்குது” என்றார். முதுகெலும்பில் டி.பி. அது தெரிந்தபோது கால் பலவீனமாக ஆரம்பித்திருந்தது. மருந்தில் தேறிவிட்டார். ஆனால் அந்த ஜாக்கெட்டை நாலைந்து மாதமாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதனால் உங்களுக்கும் சாயங்காலக் காய்ச்சல், எடை இறங்குவது, ராத்திரியில் எழுப்பிவிடுகிற வலி இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். இரண்டு தொடைக்கும் நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தெரியாமலே போனாலோ, கால் தளர்ந்து செருப்பு நழுவினாலோ, ஓ.பி. நாள் பார்க்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இனி டாக்டரிடம் பேசுவது. “பத்துக்குப் பத்து வலிக்குது” என்றால் எடுபடாது. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். உங்களிடம் அதைவிட நல்ல அளவுகோல் இருக்கிறது. முன்பு ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றினீர்களா? இப்போது எத்தனை? அறுநூறா? அதைச் சொல்லுங்கள். முறத்தை மடியில் வைத்து எவ்வளவு நேரம் குந்த முடிகிறது, குடத்தை எந்த வருஷம் இடுப்பிலிருந்து இறக்கினீர்கள், ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது. கண் எப்போதாவது சிவந்து, வெளிச்சம் கூசி வலித்ததா, குதிகால் வலி உண்டா, தோலில் செதில் செதிலாக உரிந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது இந்த மாதிரி முதுகு பிடித்ததா என்பதும் வேண்டும். கண்ணுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இந்த வாதத்தில் சம்பந்தம் உண்டு.

எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரி இப்படி இருக்கட்டும்: “30 வயதில் ஆரம்பித்தது. காலையில் ஒரு மணி நேரம் முதுகு இறுக்கம். நடந்தால் குறையும், படுத்தால் கூடும்.” ஒரு மணி நேரம் என்பது என் ஊகம். நாலு நாள் கடிகாரம் பார்த்துச் சரியான நேரத்தை எழுதுங்கள். சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளையும் எடுத்துப் போங்கள். “வெள்ளை மாத்திரை” என்றால் உலகத்தில் பாதி மாத்திரை வெள்ளைதான். ஊசிக்கு இரண்டு நாள் குறைந்தது என்பதையும் விடாதீர்கள், அதுவும் ஒரு தடயம்.

நம்ம சனங்களிடம் ஒரு பழக்கம், கேட்கவில்லை என்றால் டாக்டரை மாற்றிவிடுவது. மாதம் ஒரு டாக்டர் என்றால் ஒவ்வொருவருக்கும் உங்கள் வலி முதல் நாள் வலிதான். ஒரே இடத்துக்கு, அதே ஓ.பி. சீட்டோடு மூன்று தடவை போங்கள். மூன்றாவது தடவையும் குறையவில்லை என்று அந்தச் சீட்டே சொல்லும். “ஒண்ணுமில்ல” என்றால் சண்டை வேண்டாம். “சரிங்க சார், இது தேய்மானமா வாதமான்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது? காலைல இறுகிப் போறத மட்டும் சீட்டுல எழுதிக் குடுங்க சார்” என்று கேளுங்கள். பேசியது காற்றோடு போகும். எழுதியதை அடுத்த டாக்டர் படிப்பார்.

எங்கே போவது? வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் காட்டி, வாத நோய்ப் பிரிவுக்குப் பரிந்துரை கேட்கலாம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் ருமட்டாலஜி, அதாவது வாத நோய்ப் பிரிவு, தனித் துறையாகவே இருக்கிறது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வேலூருக்கு வருகிறார்கள், காந்தி ரோட்டில் லாட்ஜ் போர்டுகூட வங்காளத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கிற நாமோ தெருமுனை ஊசியோடு நின்றுவிடுகிறோம். ஒரு நாள் கூலி போகும், தெரிகிறது. நாலு வருஷமாகத் தினம் நானூறு பீடி போகிறதே, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் பொட்டலமாக மடித்துத் தருகிற கலவை மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வலி மாயமாகும், முகம் ஊதும், எலும்பு இளைக்கும். ஏற்கெனவே பல மாதமாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வலி மாத்திரையை நீங்களாகவே மாதக்கணக்கில் போட்டால் வயிறும் கிட்னியும் கெடும். இடுப்பு பெல்ட்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள், நாள்பட்ட இடுப்பு வலிக்கு அதை வழக்கமாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டது. பிசியோதெரபி எழுதித் தந்தால் “மாத்திரை தராம அனுப்பிட்டாங்க” என்று நினைக்காதீர்கள். தேய்மானமோ வாதமோ, இரண்டுக்குமே உடற்பயிற்சி வேண்டும்.

வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். உள்ளே அவர் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் சொல்வதைக் கேட்கட்டும். எழுதிய சீட்டை மணிபர்ஸுக்குள் மடித்து வைக்காதீர்கள், உள்ளே போனதும் பதற்றத்தில் மறந்துவிடும். டோக்கனோடு சேர்த்துக் கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.