பல்வலி மாத்திரை போட்டா மூச்சு ஏன் அடைக்குது?

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 38 வயசு. நாலஞ்சு வருஷமா மூக்குல சதை வளர்ச்சி, அதோட வீசிங்கும் உண்டு. போன மாசம் பல்வலின்னு மெடிக்கல்ல கேட்டு ஐபுப்ரோஃபென் வாங்கி போட்டாரு, ஒரு மணி நேரத்துக்குள்ள மூக்கு ஒழுகி முகமெல்லாம் செவந்து மூச்சே விட முடியல, ஆஸ்பத்திரில நெபுலைசர் வெச்சப்புறம் தான் சரியாச்சு. இதே மாத்திரைய முன்னாடி எத்தனையோ தடவ போட்டிருக்காரு, ஒண்ணும் ஆனதில்ல. இது அலர்ஜியா?
— வாசகி, தேனி

பதில்: அலர்ஜி மாதிரியே தான் இருக்கும், ஆனா வழக்கமான அலர்ஜி இல்லம்மா, ஸ்கின் டெஸ்ட் எடுத்தாலும் இது சிக்காது. மூக்குல சதை, ஆஸ்துமா, வலி மாத்திரை ஒத்துக்காம போறது, இந்த மூணும் சேர்ந்து வந்தா அதுக்கு சாம்டர் ட்ரையாட்னு பேரு. நீங்க சொல்றத பாத்தா எனக்கு அந்த சந்தேகம் தான் பலமா வருது. பெரும்பாலும் 20 வயசுக்கு மேல தான் ஆரம்பிக்கும், அதனால இந்த நோய் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போட்டப்ப ஒத்துக்கிட்டதுல ஆச்சரியம் இல்ல.

உள்ள என்ன நடக்குதுன்னா, செல்லோட சவ்வுல இருந்து அராகிடோனிக் ஆசிட்னு ஒரு கொழுப்பு வெளிய வரும், அத காக்ஸ்னு ஒரு என்சைம், வலியும் வீக்கமும் வர வைக்கிற ப்ராஸ்டாகிளாண்டினா மாத்தும், 5-லிப்பாக்சிஜினேஸ்னு இன்னொரு என்சைம், மூச்சுக்குழாய சுருக்குற லூக்கோட்ரைனா மாத்தும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டிக்ளோஃபெனாக் எல்லாமே காக்ஸ அடைக்கிற மருந்து. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்யுதுன்னு 1971ல காட்டினவரு ஜான் வேன், 1982ல நோபல் பரிசு வாங்கினாரு. ப்ராஸ்டாகிளாண்டின் கொறைஞ்சா வலியும் வீக்கமும் கொறையும், அது நல்லது தான். ஆனா அதுல இ2ன்னு ஒரு வகை இருக்கு, அது தான் மூச்சுக்குழாய்லயும் மூக்குலயும் இருக்கிற மாஸ்ட் செல், ஈசினோஃபில்ங்கிற நோய் எதிர்ப்பு செல் ரெண்டுக்கும் பிரேக். இந்த மாதிரி நோயாளிகளுக்கு அந்த இ2 ஏற்கனவே கம்மி, லூக்கோட்ரைன் ஏற்கனவே ஜாஸ்தி, இந்த நெலமையில மாத்திரை போய் மிச்சம் இருந்த பிரேக்கையும் புடுங்கிடுது. உடனே மாஸ்ட் செல் லூக்கோட்ரைன கொட்டும், மூச்சுக்குழாய் சுருங்கும், சளி கட்டும், மூக்கு அடைக்கும். மத்தவங்க உடம்புல இ2 போதுமான அளவு இருக்கு, அதனால தான் அவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல.

இனிமே மருந்து வாங்கறப்ப ஸ்ட்ரிப்ப திருப்பி பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு கண்டிப்பா படிங்க. பாராசிட்டமால்னு நெனச்சு வாங்கற மாத்திரையில ஐபுப்ரோஃபெனும் சேர்ந்திருக்கலாம், இத பலபேர் கவனிக்கிறதே இல்ல, எனக்கு ரொம்ப கவலையா இருக்கிற விஷயம் இது. தனி பாராசிட்டமால் 500 மி.கி. பெரும்பாலும் ஒத்துக்கும், 1000 மி.கி. போட்டா சிலருக்கு இழுக்க ஆரம்பிக்கும். செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் மாதிரி, காக்ஸ்ல ஒரு வகையான காக்ஸ்-2 மட்டும் அடைக்கிற மருந்தும் பெரும்பாலானவங்களுக்கு ஒத்துக்கும், ஆனா முதல் டோஸ் டாக்டர் முன்னாடி தான் போடணும். பல் டாக்டர்கிட்ட போனா உக்கார்ந்ததுமே இத சொல்லிடச் சொல்லுங்க, வலிக்கு ஊசின்னு டிக்ளோஃபெனாக் போட்டுடுவாங்க.

கேள்வி: அப்ப லூக்கோட்ரைன் பண்ற என்சைமையே அடைச்சிட்டா என்ன டாக்டர்? நான் ஆஸ்துமாவுக்கு மாண்டெலுகாஸ்ட்னு ஒரு மாத்திரை சாப்பிடறேன், அது அந்த வேலை தானா?
— வாசகர், ஈரோடு

பதில்: இல்ல சார், மாண்டெலுகாஸ்ட் என்சைம தொடாது, செல் மேல லூக்கோட்ரைன் போய் ஒட்டுற இடத்த, அதாவது ரிசெப்டர தான் அடைக்கும். என்சைமையே அடைக்கிறது ஜிலூட்டான்ங்கிற மருந்து, அமெரிக்கால 1996ல அனுமதி ஆச்சு, ஆனா லிவர் டெஸ்ட் அடிக்கடி பாக்கணும். மாண்டெலுகாஸ்ட் சாப்பிட ஆரம்பிச்சப்புறம் கெட்ட கனவு, காரணமில்லாத எரிச்சல், மனசு சோர்வு இதெல்லாம் வந்தா உடனே உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க, 2020ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு இதுக்காகவே பெட்டி கட்டி எச்சரிக்கை போட வெச்சுது.