ஜி.என்.எம். முடித்து அமெரிக்காவில் ஆர்.என். ஆக இருப்பவர் பிரிட்ஜ் படிப்பு வழியாக எம்.எஸ்.என். சேரலாமா?

தமிழ்நாட்டில் ஜி.என்.எம். என்னும் செவிலியர் டிப்ளமோ முடித்து, என்கிளெக்ஸ் என்னும் உரிமத் தேர்வில் தேறி அமெரிக்காவில் ஆர்.என். (பதிவு பெற்ற செவிலியர்) ஆகப் பணிபுரிபவர், பி.எஸ்.என். என்னும் நர்சிங் இளநிலைப் பட்டம் இல்லாமலே, விடுபட்ட இளநிலைப் பாடங்களையும் சேர்த்து நடத்தும் பிரிட்ஜ் படிப்பு வழியாக எம்.எஸ்.என். என்னும் முதுநிலைக்குப் போகலாமா, அது பயன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். நானும் ஜி.என்.எம். சான்றிதழோடு அந்த வழியில்தான் படித்தேன். ஆனால் எல்லோருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் ஊரில் எம்.எஸ்சி. நர்சிங் சேர வேண்டுமானால், ஜி.என்.எம். படித்தவர் முதலில் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தாக வேண்டும். அமெரிக்காவிலோ மருத்துவமனை டிப்ளமோ, இரண்டாண்டு ஏ.டி.என். (அசோசியேட் பட்டம்), நான்காண்டு பி.எஸ்.என். என எதைப் படித்தவரும் ஒரே என்கிளெக்ஸ்-ஆர்.என். தேர்வைத்தான் எழுதுகிறார்கள். ஆகவே உரிமம் பெற்றவருக்கு அடிப்படைப் பாடங்களை மறுபடி நடத்தாமல், இளநிலையில் விடுபட்டவற்றை மட்டும் கற்பித்து முதுநிலைக்குள் சேர்த்துக்கொள்கிறார்கள். விடுபட்டவை என்று அவர்கள் கருதுபவை பெரும்பாலும் புள்ளியியல், ஆராய்ச்சி முறை, நிர்வாகம், சமூக நலச் செவிலியம் ஆகியவை. துணை சுகாதார நிலையத்தில் பயிற்சிக்குப் போய் வீடு வீடாக ஏறி இறங்கிப் பதிவேடு எழுதிய நமக்குக் கடைசிப் பாடம் புதிதல்ல. ஆனாலும் அதற்கு விலக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சேர்வதற்கு முன் பல்கலைக்கழகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: வழியில் பி.எஸ்.என். பட்டம் தருவீர்களா, இல்லையா? சில இடங்களில் இளநிலைப் பகுதி முடிந்ததும் அந்தப் பட்டத்தைத் தருகிறார்கள். சில இடங்களில் இறுதியில் எம்.எஸ்.என். மட்டுமே. வேலை பார்த்துக்கொண்டே படித்தால் மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகிவிடும் படிப்பு இது. இரவுப் பணி, பிரசவம், ஊரில் பெற்றோருக்கு உடல்நலக் குறைவு என்று நடுவில் நிறுத்த நேர்ந்தால், இரண்டாவது வகையில் சேர்ந்தவர் கையில் மதிப்பெண் பட்டியல்தான் இருக்கும், பட்டம் இருக்காது. நியூயார்க் மாநிலத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிதாக உரிமம் பெறும் ஆர்.என். பத்தாண்டுகளுக்குள் நர்சிங்கில் இளநிலை அல்லது அதற்கு மேற்பட்ட பட்டம் பெற்றாக வேண்டும் என்பதால், அங்கு இருப்பவருக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியமானது. என்னைக் கேட்டால், வழியில் பட்டம் தராத இடத்தை விட, ஆர்.என்.-டு-பி.எஸ்.என். முடித்துவிட்டுத் தனியாக எம்.எஸ்.என். சேர்வதே மேல்.

அடுத்தது, எந்தப் பணிக்காகப் படிக்கிறீர்கள் என்பது. மயக்கவியல் செவிலியராகும் எண்ணம் இருந்தால் எம்.எஸ்.என். போதாது, 2022 முதல் அப்படிப்பில் புதிதாகச் சேருவோர் அனைவருக்கும் முனைவர் நிலைப் படிப்பே நுழைவாயில். கற்பித்தல், நிர்வாகம், தகவலியல் ஆகியவற்றுக்கு பிரிட்ஜ் நன்கு பொருந்தும். நோயாளிகளைத் தாமே பரிசோதித்து மருந்து எழுதும் நர்ஸ் பிராக்டிஷனர் பிரிவுதான் கடினம். 2022இல் திருத்தப்பட்ட தேசியத் தரநெறிகள் படிப்பு முடிவதற்குள் குறைந்தது 750 மணி நேரம் நேரடியாக நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும் என்கின்றன. அதற்கான பிரிசெப்டரை, அதாவது பயிற்சியை மேற்பார்வையிடுபவரை, மாணவரே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும் ஆன்லைன் படிப்புகள் பல. கிளினிக் கிளினிக்காக மின்னஞ்சல் அனுப்பி ஒருவர் ஒப்புக்கொண்டாலும், பல்கலைக்கழகத்துக்கும் அந்தக் கிளினிக்குக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குள் பருவம் தொடங்கிவிடுவது உண்டு. பயிற்சி இடத்தைத் தாங்களே ஏற்பாடு செய்து தரும் கல்லூரிக்குக் கட்டணம் சற்றுக் கூடுதலானாலும் அதையே தேர்ந்தெடுப்பேன். நீங்கள் வசிக்கும் மாநிலத்து மாணவர்களைச் சேர்க்க அவர்களுக்கு அனுமதி உண்டா, சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். என்னும் நர்சிங் கல்வித் தர அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

உங்கள் இந்தியச் சான்றிதழை மதிப்பிடுவதற்கு, படித்த பள்ளியிலிருந்து பாடவாரியாக வகுப்பு மணியும் செய்முறை மணியும் பிரித்துக் காட்டிய டிரான்ஸ்கிரிப்ட் தேவைப்படும். அதை வாங்க ஊரில் ஒருவரை நேரில் அனுப்புவதே விரைவான வழி.

பண விஷயத்தில், வேலை தரும் மருத்துவமனை ஆண்டுக்கு 5,250 டாலர் வரை தரும் கல்வி உதவிக்கு உங்களுக்கு வருமான வரி கிடையாது. முதுநிலை மாணவருக்கான கிராட் பிளஸ் என்னும் அரசுக் கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு இல்லை என்பதால், இந்த உதவியின் மதிப்பு இப்போது கூடியிருக்கிறது. ஆனால் படிப்பு முடிந்தபின் எத்தனை காலம் அங்கேயே பணியாற்ற வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் உள்ள பத்தியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.