அது முட்டை இல்லை, ஆனாலும் பத்திரம்

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. ஒன்றிரண்டு ஒன்றரை அடி குறுக்களவு இருக்கும். டைனோசர் முட்டை என்று ஆளுக்கொன்று வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டோம். பார்க்க வந்த நிபுணர்கள் முட்டை இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவு பெரிய விலங்கின் முட்டை இவ்வளவு பெரிதாகத்தானே இருக்கும்? எதையோ மறைக்கிறார்களா?
(வாசகர், பெரம்பலூர் மாவட்டம்)

பதில்: மறைத்து அவர்களுக்கு என்ன லாபம்? ஒரு புவியியலாளர் கையில் டைனோசர் முட்டை கிடைத்தால் ஊரைக் கூட்டிச் சொல்வார். ஆய்விதழில் பெயர் வரும், தொலைக்காட்சி வாசலில் வந்து நிற்கும். மறைக்க வேண்டுமென்றால் தன் பிழைப்பையே மறைக்க வேண்டும். 2020 அக்டோபரில் உங்கள் மாவட்டத்துக் குன்னத்திலும் இதே கதைதான். வாட்ஸ்அப்பில் முட்டை மாநிலமெங்கும் உருண்டது. வல்லுநர்கள் பார்த்துவிட்டு, அவை அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிர் சார்ந்த படிவ உருண்டைகள் என்றார்கள். முட்டைச் செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் இதையும் பகிர்ந்தார்கள் என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும்.

‘பெரிய விலங்கு, பெரிய முட்டை’ என்ற உங்கள் கணக்கே தப்பு. நர்மதைப் பள்ளத்தாக்கில் 92 கூடுகளில் 256 முட்டைகள் கிடைத்த ஆய்வு 2023-இல் வெளியானது. நீண்ட கழுத்துள்ள டைட்டனோசர் இனத்தின் முட்டைகள் அவை. வளர்ந்தால் யானையைக் குட்டியாகக் காட்டும் விலங்குதான். ஆனால் முட்டையின் குறுக்களவு 15 முதல் 17 சென்டிமீட்டர், அதாவது அரை அடிக்கு முன்னே பின்னே. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். முட்டை பெரிதாக ஆக, உள்ளே இருக்கும் பாரத்தைத் தாங்க ஓடும் தடிக்க வேண்டும். ஓடு தடித்தால் அதிலுள்ள நுண்துளைகள் வழியே போதிய காற்று போகாது, குஞ்சுக்கு மூச்சு முட்டும். தப்பிப் பிழைத்தாலும் உடைத்துக்கொண்டு வெளியே வர முடியாது. நீளவாக்கில் இதைவிடப் பெரிய முட்டையிட்ட டைனோசர்கள் உண்டு. ஆனால் ஒன்றரை அடி விட்டத்துக்கு உருண்டையாக எதுவும் முட்டையிட்டதில்லை.

பிறகு உங்கள் வீட்டில் இருப்பது என்ன? பெரம்பலூர், அரியலூர் பகுதியில் பல இடங்கள், டைனோசர்கள் கடைசியாக வாழ்ந்த கிரீத்தேசியஸ் காலத்தில் கடலாக இருந்தன. அடிச்சேற்றில் ஒரு கிளிஞ்சலோ செத்த உயிரோ புதைந்து அழுகும்போது அதைச் சுற்றிச் சேற்றின் வேதியியல் மாறுகிறது. நீரில் கரைந்திருக்கும் கால்சியம் கார்பனேட் அங்கே படிந்து சேற்றைக் கெட்டியாக்குகிறது. அது சுற்றிச் சுற்றி வளர்ந்து உருண்டையாகிறது. சுற்றியுள்ள மெத்தென்ற மண் கரைந்தோடினாலும் கெட்டிப்பட்ட உருண்டை மிஞ்சும். பல உருண்டைகளின் நடுவில் ஒரு அம்மோனைட் உட்கார்ந்திருக்கும். கணவாய் மீனுக்கு உறவுக்காரன், சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்தவன், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் போனபோது கூடவே போனவன்.

அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் 2009-இல் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் அறிவித்ததை நீங்கள் எடுத்துக் காட்டலாம். காட்டுங்கள். அங்கே முட்டை என்றதற்காக இங்கே ஏரியில் கிடைத்த உருண்டையெல்லாம் முட்டை ஆகிவிடுமா? முட்டைக்கு ஓடு இருக்க வேண்டும், ஓட்டில் துளைகள் இருக்க வேண்டும், நுண்நோக்கியில் அதன் படிக அமைப்பு தெரிய வேண்டும். உருண்டையாக இருப்பது மட்டும் போதாது. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. தலைமுறை தலைமுறையாக வயல் காக்கும் குலதெய்வம் என்று கும்பிட்டுவந்த உருண்டைகள் டைட்டனோசர் முட்டைகள் என்று 2023 கடைசியில் செய்தி வந்தது. அங்கே முட்டையைக் கல் என்று நினைத்தார்கள், இங்கே நீங்கள் கல்லை முட்டை என்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலில் நீந்திய பிளீசியோசர், இக்தியோசர், வானில் பறந்த டெரோசர் இவை எதுவுமே டைனோசர் இல்லை. அதே காலத்து ஊர்வன, அவ்வளவுதான். இந்தக் குழப்பம் வாட்ஸ்அப்புக்கு மட்டும் உரியதல்ல. அரியலூர் அருகே கிடைத்த எலும்புகளை வைத்து 1979-இல் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் ‘திராவிடோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள், முதுகில் தகடு கொண்ட ஸ்டீகோசர் வகை டைனோசர் என்றார்கள். 1990-களில் புதைபடிவ ஆய்வாளர் சங்கர் சாட்டர்ஜி, இது பிளீசியோசர் எலும்பு என்றார். அதை ஏற்காதவர்களும் உண்டு. படித்தவர்களே இப்படி மல்லுக்கட்டும் இடத்தில், ஏரிக்கரையில் நின்று ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்கிறோம்!

நிஜமான டைனோசர் அரியலூர் பக்கத்துக் கல்லமேட்டில் கிடைத்தது. அந்த இடத்து மண், கடல் விலகிய பின் ஆறு கொட்டிய மண். அங்கே கிடைத்த எலும்புகளுக்கு 1987-இல் ‘பிருகத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். கீழ்க்கால் எலும்பு ஒன்றே சுமார் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று நினைத்து, பிறகு டைட்டனோசர் என்று கருதினார்கள். உலகில் வாழ்ந்த மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். நிரூபிக்க வழியில்லை. பொருபொருவென்றிருந்த அந்த எலும்புகள் உதிர்ந்தே போய்விட்டன; மிச்சம் இருப்பவை வரைபடங்களும் சில பழைய புகைப்படங்களும். ‘மறைத்துவிட்டார்கள்’ என்று கூச்சலிட வேண்டுமென்றால் நியாயமாக இதற்குப் போட்டிருக்க வேண்டும். அதற்கு ஒரு ஃபார்வர்டு கூட எனக்கு வந்ததில்லை.

கடிதத்தின் பின்பக்கத்தில், மனிதனும் டைனோசரும் சேர்ந்து வாழ்ந்ததற்கு யூடியூபில் ஆதாரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பறவைகளும் டைனோசர் வம்சம்தான். அந்தக் கணக்கில் கோழிப்பண்ணைக்காரர் ஒவ்வொருவரும் ஆதாரம். மற்றபடி இடைவெளி 6 கோடி ஆண்டுக்கு மேல்.

கல்லுக்கு வருவோம். சுத்தியலால் உடைக்காதீர்கள், எண்ணெய் தேய்க்காதீர்கள், குங்குமம் வைக்காதீர்கள். எந்த ஏரியில், எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணில் எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். இடம் தெரியாத படிவத்தை வைத்து ஆய்வாளர்களால் அதிகம் ஒன்றும் செய்ய முடியாது. அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆளுக்கொன்று எடுத்துப்போன மற்றவர்களிடமும் சொல்லுங்கள்.