நல்ல இடத்துக் கட்டி

வணக்கம் ஐயா. சென்ற மாதம் என் மைத்துனருக்கு (வயது 41) வலிப்பு வந்தது. சேலத்தில் இடது முன்மூளைக் கட்டியை அகற்றினார்கள். அறிக்கையில் ‘ஆலிகோடென்ட்ரோகிளியோமா, கிரேடு 2, ஐ.டி.எச். மாற்றம் உண்டு, 1பி/19க்யூ இழப்பு உண்டு’ என்று இருக்கிறது. “நல்ல இடத்தில்தான் வந்திருக்கிறது” என்கிறார்கள் உறவினர்கள். அப்படிச் சொல்லலாமா? செல்போனால் வந்திருக்குமா? பழையபடி அவர் ஏற்காட்டுக்குக் கார் ஓட்டிச் செல்லலாமா?
– ம., ஆத்தூர்

அன்புள்ள ம.,

செல்போனை விடுங்கள், அந்த ஆராய்ச்சியால் உங்கள் மைத்துனருக்கு இனி ஒரு பயனும் இல்லை. ‘நல்ல இடம்’ என்ற சொல்தான் என்னைத் தைத்தது. இடத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது; கட்டியின் வகையையும் பார்க்க வேண்டும்.

உங்கள் மைத்துனருடையதைப் போல ஐ.டி.எச். மாற்றமும் (ஒரு மரபணு மாற்றம்) 1பி/19க்யூ இழப்பும் (இரண்டு குரோமோசோம்களின் பகுதிகள் இல்லாமல்போவது) சேர்ந்த கட்டிகள் பெரும்பாலும் முன்மூளையில்தான் வருகின்றன. அங்கே பல சமயம் கூடுதலாக வெட்டியெடுக்கவும் முடிகிறது. ஆனால் ஐ.டி.எச். மாற்றமில்லாத கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டியும் அதே முன்மூளையில் வரும். எல்லாச் சிகிச்சையும் பெற்ற பிறகும் அந்நோயாளிகளில் பாதிப்பேர் ஒன்றரை ஆண்டைத் தாண்டுவதில்லை. உங்கள் மைத்துனருக்கு வந்த வகையிலோ பத்தாண்டுகளைக் கடந்து வாழ்பவர்கள் பலர்.

என் தங்கை மகள் ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவள். ஒன்பது வயதில் காலை தவறாமல் வாந்தி. பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தோம். நடை தள்ளாடத் தொடங்கிய பிறகே ஸ்கேன் எடுத்தோம். மூளைத்தண்டை ஒட்டி, மூளைநீர் ஓடும் நான்காம் வென்ட்ரிக்கிளை அடைத்துக்கொண்டு கட்டி இருந்தது. மருத்துவர் ஒருவர் நடைபாதையில் நின்றபடியே, “இடம் மோசம், ஆறு மாதம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு தங்கை குழந்தையின் பள்ளிச் சீருடையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு திசுவைப் பரிசோதித்ததில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டியின் டபிள்யூ.என்.டி. வகை என்று தெரிந்தது. மூளைத்தண்டின் முதுகுப்புறச் செல்களில் பிறப்பதால்தான் அது அங்கே உட்காருகிறது. அறுவைக்குப் பின் கதிர்வீச்சும் கீமோவும் முறையாகப் பெறும் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். அவளும் பிழைத்தாள்.

நேர்மாறாகவும் நடக்கும். மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ், மூளைத்தண்டிலுள்ள போன்ஸ் போன்ற நடுக்கோட்டுப் பகுதிகளில் பரவும் கிளியோமா என்ற கட்டி மைக்ராஸ்கோப்பில் சாதுவாகத் தெரிந்தாலும், எச்3 கே27 என்ற மாற்றம் இருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் அது கிரேடு 4தான், அதாவது மிகக் கொடிய நிலை.

கோபித்துக்கொள்ளாதீர்கள்: மூலக்கூறு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உறவினர் வாயைப் பார்ப்பது படித்தவர் செய்யும் காரியமா? கிரேடு 2 கட்டி பல ஆண்டுகள் கழித்தும் மெல்லத் திரும்பி வளரக்கூடியது. ‘நல்ல இடம்’ என்று நம்பிய வீட்டில் முதல் ஸ்கேனுக்குக் குடும்பமே கிளம்பும். மூன்றாவதற்கு நாள் தள்ளிப்போகும். ஐந்தாவது மறந்தே போகும். எம்.ஆர்.ஐ. நாட்களை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வெட்டியெடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரபின் பிளாக்கும் ஸ்லைடுகளும் எங்கே இருக்கின்றன என்று மருத்துவமனையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கும்போது அவை வேண்டியிருக்கும்.

கார் விஷயத்தை மறந்தே போனேன். வலிப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது; மருத்துவர் அனுமதிக்கும்வரை, இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கட்டும், உங்கள் தெருமுனைவரைகூட அவர் ஓட்டக் கூடாது. ஏற்காட்டுக்குப் பேருந்தில் போகட்டும்.