பழனி பாதயாத்திரையில் கால் கொப்புளம்: உடைக்கலாமா?

தைப்பூசத்துக்குத் திருப்பூரிலிருந்து பழனிக்கு நடக்கும்போது கொப்புளம் வராமல் தடுப்பது எப்படி, வந்தால் உடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஈரமான தோல் திரும்பத் திரும்ப உரசும்போது அதன் அடுக்குகள் பிரிந்து இடையில் நீர் கோத்துக்கொள்கிறது. அதனால் வியர்வையைப் பிடித்து வைக்கும் பருத்தி சாக்ஸைவிடப் பாலியெஸ்டர் கலந்தது நல்லது. புதுச் செருப்பை வாங்கிய அன்றே போட்டுக் கிளம்புவதுதான் பெரிய வம்பு. ஓரிடத்தில் எரிச்சல் தெரிந்தால் "தாராபுரம் போய்ப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடாமல், அங்கேயே உட்கார்ந்து ஈரத்தைத் துடைத்து பிளாஸ்திரி ஒட்டுங்கள். வெறுங்கால் வேண்டுதல் என்றால் தார்ச்சாலை சுடுவதற்குள் நடையை முடியுங்கள்.

சின்னக் கொப்புளத்தை விட்டுவிடலாம். பெரிதாகி நடக்கவே முடியாவிட்டால் மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள். மேல்தோலை உரிக்காமல் வாசலின் தடவிக் கட்டுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் ஊசியைத் தொடவே வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள்.